ஆள் இல்லாத படம்

ஒரு வீட்டில் கேமரா இருக்கிறது என்ற செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு விஷக்காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியவில்லை. கேமரா விஷயம் அது வந்த அன்றே சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கீழ்வீட்டு அம்மா விசாவுக்குப் படம் வேண்டும் என்று தலையை வாரிக்கொண்டு வந்து நிற்கிறார். என் வீட்டுக்காரரின் அலுவலக நண்பர், விற்கப்போகும் சோபாவை நாலு பக்கமும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டனுப்புகிறார். விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் ஃபோன் செய்து, "அம்மா, இந்தக் காலத்துல யாராவது கேமராவத் தூக்கிட்டு அலைவாங்களா? ஃபோன்லயே எடுக்கலாமே" என்கிறாள். எடுத்துக் கொடு என்பவர்கள் ஒரு பக்கம், எதற்கு எடுக்கிறாய் என்பவர்கள் ஒரு பக்கம். நடுவில் நான் கழுத்தில் கேமரா வாரை மாட்டிக்கொண்டு, ஏன்தான் இதைத் தொட்டேனோ என்று நிற்கிறேன்.

அது நான் வாங்கியதுகூட இல்லை. என் தம்பி வாங்கியது. அவனுக்கு எந்த ஆசையும் ஒரு மழைக்காலம் தாண்டி நிற்காது. மீன் தொட்டி வாங்கினான், கிதார் வாங்கினான், மலையேறுவதற்கு என்று தனியாக ஒரு பூட்ஸ் வாங்கினான். கடைசியில் கேமரா. ஒரு நாள் பையோடு கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, "அக்கா, இது உன்கிட்டயே இருக்கட்டும். காலேஜ்ல நீதான படம் படம்னு பைத்தியமா அலைஞ்ச" என்று சொல்லிவிட்டுப் போனான். அலைந்தது உண்மைதான். தோழியின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, சுவர், கதவு, கம்பி, நிழல் என்று எடுத்துத் தள்ளியிருக்கிறேன். ஒரு படத்திலும் ஆள் இருக்க மாட்டார்கள். ஆள் வந்தால் கண்ணைச் சிமிட்டுவார்கள், பல்லைக் காட்டுவார்கள், நான் நல்லா இருக்கேனா என்று கேட்பார்கள். சுவர் ஒன்றும் கேட்காது.

பிறகு வேலை வந்தது. நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். காலையில் போனால் மாலை வரை படம்தான். மார்பு, முழங்கால், மணிக்கட்டு, இடுப்பு. பஸ் ஓட்டுகிறவர் விடுமுறை நாளில் ஊர் சுற்ற வண்டி எடுப்பாரா? எனக்கும் அப்படித்தான் ஆசை எங்கேயோ போய்விட்டது. இருபது வருஷமாக அதைத் தேடவும் இல்லை.

எங்கள் வேலையில் சில பழக்கங்கள் ரத்தத்தில் ஊறிவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. உடம்புக்குள் கதிர் போகிற விஷயம், அதனால் சும்மா ஒன்று எடுத்துப் பார்ப்போமே என்ற பேச்சுக்கே இடமில்லை. சீட்டில் எந்த இடம் எழுதியிருக்கிறதோ அந்த இடம் மட்டும்தான். அக்கம்பக்கம் ஓர் அங்குலம் சேர்ந்தாலும் தப்பு. அப்புறம் எடுத்த படம் முதல் தடவையே சரியாக வர வேண்டும். திருப்பி எடுத்தால் எங்கள் மேற்பார்வையாளர் அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

தம்பி கேமராவைக் கொடுத்த அன்று, என் வீட்டுக்காரரை ஜன்னலோரம் நிற்க வைத்து, சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

"செயினக் கழட்டுங்க" என்றேன்.

"போட்டோவுக்கு செயின எதுக்குக் கழட்டணும்?"

"கழட்டுங்கன்னா கழட்டுங்க. தோள முன்னால கொண்டு வாங்க. மூச்ச நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க. ஆடாதீங்க."

பாவம், மனிதர் நான் சொன்னபடியே செய்தார். எடுத்து முடித்துவிட்டு நான் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகமெல்லாம் சிவந்துபோய், "மூச்சு விடலாமா?" என்று அவர் சைகையில் கேட்டபிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் ஓடி வந்து படத்தை எட்டிப் பார்த்தார். தாடைக்குக் கீழே ஆரம்பித்து தொப்புளுக்கு மேலே முடிந்திருந்தது. இரண்டு தோள்பட்டையும் சமமாக, நட்டநடுவில், வெகு நேர்த்தியாக வந்திருந்தன.

"என் தலை எங்க?"

"தலைக்கு சீட்டு இல்ல" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அவர் இன்றுவரை அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று அவர் போனபிறகு ஜன்னல் திரையின் நிழல் தரையில் மடிப்பு மடிப்பாக விழுந்திருப்பதைப் பார்த்தேன். கேமராவைத் தூக்கினேன். விரல் பொத்தான்மேல் இருந்தது, அமுக்க வரவில்லை. யாரோ வந்து சொல்ல வேண்டும் என்று கை காத்துக்கொண்டிருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள், எனக்கு வேர்த்துவிட்டது. யாரும் கேட்காத ஒரு படத்தை எடுப்பதற்கு இவ்வளவு தயக்கமா என்று என்மேலேயே கோபம் வந்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் உள்ளே என்னவோ இளகியது. சந்தோஷமாக இருந்தது. அந்தப் படத்தால் யாருடைய எலும்பும் ஒட்டப் போவதில்லை, யாருக்கும் மருந்து எழுதப் போவதில்லை. அதனாலேயே இன்னும் சந்தோஷமாக இருந்தது.

அதற்கப்புறம்தான் படிக்கட்டு வெளிச்சத்தைப் பார்த்தேன். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில், காற்று வருவதற்காக ஓட்டை ஓட்டையாகக் கட்டிய சிமெண்ட் தடுப்பு ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குப்பை கொட்டப் போனபோது, அதன் வழியாக வெயில் புகுந்து எதிர்ச்சுவரில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. கட்டங்கள் மெல்ல நீண்டு சாய்ந்துகொண்டிருந்தன. பெயிண்ட் உரிந்து, யாரோ சைக்கிள் உரசிய கறையெல்லாம் இருக்கிற சுவர் அது. தினமும் ஏறி இறங்குகிறேன், ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று குப்பைக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வருவதற்குள் கட்டங்கள் கரைந்து போய்விட்டன. ஒரு டீ ஆறுகிற நேரம்தான் அந்த வெளிச்சத்துக்கு ஆயுசு.

அந்தப் படம் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. வெறும் சுவர், அதில் கட்டங்கள், ஆள் இல்லாமல். வெகு காலத்துக்குப் பிறகு எனக்கே எனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியது, அதுவும் இதுதான்.

ஆனால் எதிர் மனையில் புதுக் கட்டடம் ஏறிக்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் சுவர் உயர்ந்தது. கீழ்வரிசைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன. அவர்கள் எங்கள் மாடி உயரத்துக்கு வந்துவிட்டால் அந்தச் சுவருக்கு இனி வெயிலே கிடையாது. வார நாட்களில் வெளிச்சம் வரும் நேரத்துக்கு நான் மருத்துவமனையில் யாரையாவது மூச்சைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். லீவு கேட்டால் காரணம் எழுதச் சொல்வார்கள். வெளிச்சத்துக்காக என்று எழுதவா? ஆக, எனக்கு இருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை என்ன பாடு படுத்தினார்கள் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குத் தங்கை ஒருத்தி. நாலு தெரு தள்ளி இருக்கிறாள். தலையணை உறை தைத்து, ஃபோனில் படம் போட்டு விற்கிறாள். வாத்து, முயல், ராக்கெட் என்று குழந்தைகளுக்கான உறைகள். வாரம் முழுக்க மிஷினில் உட்கார்ந்து தைப்பாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பைகளில் அடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவாள். நல்லா இருக்கீங்களா என்று கேட்கிற வழக்கமெல்லாம் அவளிடம் போய்விட்டது. கதவைத் திறந்ததும் வருகிற முதல் வார்த்தை, "அண்ணி, ஒரே ஒரு போட்டோ."

அவளுடைய ஒரே ஒரு போட்டோவுக்கு முடிவு கிடையாது.

"அண்ணி, வாத்து நெறம் சரியா வரல. நேர்ல எலுமிச்ச மஞ்ச. இதுல காமால வந்த மாதிரி இருக்கு."

"இப்ப?"

"இப்ப வெளிறிப்போச்சு. சோகையாட்டம். அண்ணி, அந்த மூலைல ஜிப்பு தெரியணும். ஜிப்பு தெரியலேன்னா ஜிப்பு இருக்கான்னு கேட்டு நூறு பேர் மெசேஜ் பண்ணுவாங்க."

ஜிப்புக்காக ஒன்று, வாத்துக்காக ஒன்று, ஜிப்பும் வாத்தும் சேர்ந்து ஒன்று. இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் வந்து நிற்பார். அவர் வாழ்நாளில் கேமராவைத் தொட்டதில்லை. ஆனால் நான் கேமராவைக் கையில் எடுத்ததிலிருந்து அவர் ஃபோனில் போட்டோ வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறார். நான் மனசுக்குள் அவருக்கு ஆலோசகர் என்று பெயர் வைத்திருந்தேன்.

"படத்த மூணா பிரிக்கணும். பொருள நட்டநடுவுல வைக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"வீடியோல."

"அந்த வீடியோக்காரர வரச் சொல்லுங்க. அவரே வாத்த எடுக்கட்டும்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒடனே கோவம்."

இதெல்லாம் முடிந்து நான் படிக்கட்டுக்கு ஓடினால் சுவர் வெறுமையாக இருக்கும். ஒரு வாரம் கீழ்வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார். விசா படத்தில் கண் திறந்திருக்க வேண்டும், அவருக்கோ பொத்தானை அமுக்கும் நேரம் பார்த்துக் கண் மூடும். அடுத்த வாரம் சோபா. அந்த நண்பர் சோபாவை விற்கும் எண்ணத்தையே பிறகு மாற்றிக்கொண்டார் என்பது தனி எரிச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரிடமும் தப்பித்து நேரத்துக்குப் போய்விட்டேன். அன்று வானம் மூடிக்கொண்டது. இன்னொரு வாரம் வெளிச்சமும் இருந்தது, நானும் இருந்தேன். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, முதல் தடவையே சரியாக வர வேண்டும் என்ற தொழில் புத்தியில், திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். கம்ப்யூட்டர் திரையில் போட்டுப் பார்த்தால் கட்டங்கள் வெளுத்துப்போய் ஒன்றோடொன்று கலந்திருந்தன. இன்னொன்று எடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? கேட்பதற்கு அங்கே மேற்பார்வையாளரா இருந்தார்? என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, வேலையிலிருந்து வரும்போது எதிர்க் கட்டடத்துக் காவலாளியைக் கேட்டேன்.

"திங்கக்கிழம உங்க மாடி ஒசரத்துக்கு செவுரு ஏறிடும்மா" என்றார்.

அப்படியானால் நாளைக்குத்தான். அதற்குமேல் கிடையாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். "நாளைக்குக் காலைல நான் கெடையாது. யாரு வந்தாலும், யாரு கூப்பிட்டாலும் நான் செத்துட்டேன்னு சொல்லிடுங்க."

"எங்க போற?" என்றார் ஆலோசகர்.

"படிக்கட்டுக்கு."

"அதுக்கா இவ்ளோ அலட்டல்?"

பதில் சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் தூக்கம் போகும், தூக்கம் போனால் காலையில் கை நடுங்கும்.

ஞாயிறு காலை ஃபோனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, எங்கள் மாடியிலிருந்து இறங்கும் படியில் நாலைந்து படி கீழே போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் திருப்பத்துச் சுவர் மட்டும் கண்ணுக்கு நேராகத் தெரியும். கேமராவை முழங்கால்மேல் ஊன்றினேன். வெயில் வந்தது. மேல்வரிசைக் கட்டங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. அவை மெல்ல நீண்டு, பெயிண்ட் உரிந்த இடத்தைத் தொட்டு, அதைத் தாண்டிச் சாய ஆரம்பித்தன. எனக்கு வேண்டியது அந்தச் சாய்வுதான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்தேன். இந்தத் தடவை ஒன்றோடு நிறுத்துவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அப்போதுதான் கீழேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாத சத்தமா அது? நாத்தனார்தான்.

"அங்கயே நில்லு!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் விரல் அமுக்கிவிட்டது.

அவள் நிற்கவில்லை. பயந்துபோய் இரண்டு படி தாவி மேலே வந்து, "என்ன அண்ணி, பாம்பா? எங்க?" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். என் கட்டங்களெல்லாம் இப்போது அவள் சேலைமேல் இருந்தன.

"நகரு! அந்தாண்ட போ!"

"எந்தாண்ட அண்ணி?"

அவள் இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்று தவித்து, பையைக் கீழே வைத்து, அதில் காலை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கி ஓரமாக ஒதுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எதிர்க் கட்டடத்துச் சாரத்துக்குப் பின்னால் வெயில் போய்விட்டது. சுவர் சாம்பல் நிறமாகிவிட்டது.

"உன்ன யாரு இப்ப வரச் சொன்னா?"

"ஞாயித்துக்கெழமதான அண்ணி. எப்பவும் வர்ற நேரம்தான. ஃபோன் பண்ணேன், நீங்க எடுக்கல..."

"எப்பவும் வர்றதுதான் பிரச்சன. ஒரு வாரமாவது என்ன விடக் கூடாதா? வாத்தும் ஜிப்பும் எடுக்கறதுக்காகவா எனக்குக் கேமரா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, "சரிங்க அண்ணி" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள். சத்தம் கேட்டு மேலே கதவைத் திறந்த என் வீட்டுக்காரர், "யாரு, தங்கச்சியா? ஏன் போறா?" என்றார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. அழுகையாக வந்தது, அதுவும் வெளிச்சத்துக்காக.

மத்தியானம் வேறு வேலை ஓடாமல் அந்த ஒரே படத்தைத் திரையில் போட்டேன். அழிப்பதற்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்றுதான்.

சுவர் இருந்தது. கட்டங்கள் நான் காத்திருந்த அந்தச் சாய்வில் அப்படியே இருந்தன, வெளுக்காமல், ஓரம் கூர்மையாக. அந்தக் கட்டங்களின் குறுக்கே ஒரு நிழல் ஏறிக்கொண்டிருந்தது. ஆள் படத்தில் இல்லை, நிழல் மட்டும்தான். குனிந்த தலை, இரண்டு பக்கமும் தொங்கும் பைகள், அடுத்த படிக்குத் தூக்கிய ஒரு கால். கையால் மறைத்துவிட்டு நிழல் இல்லாமல் பார்த்தேன். வெறும் கட்டங்கள்தான் மிஞ்சின. துணிக்கடையில் சுருட்டி வைத்திருக்கும் கட்டம் போட்ட துணி மாதிரி இருந்தது. கையை எடுத்தால் படம். இத்தனை வாரமாக ஆள் இல்லாத படம் வேண்டும் என்று நாயாய்ப் பேயாய் அலைந்திருக்கிறேன். கடைசியில் அவள் குறுக்கே வந்ததால்தான் அது படமாயிருக்கிறது. இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஆனாலும் அது நல்ல படம். நான் எடுத்ததிலேயே நல்ல படம். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். முன்னறையில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டலாம் என்று சுவரில் ஆணி அடிக்க இடம்கூடப் பார்த்து வைத்தேன். காவலாளி சொன்னபடி திங்கட்கிழமை எதிர்க் கட்டடத்துச் சுவர் ஏறிவிட்டது. இனி அந்தத் திருப்பத்தில் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஏற வேண்டும்.

நாத்தனார் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டிய நான் காலையில் இரண்டு தடவை கதவைப் பார்த்தேன். மூன்றாவது வாரம் வந்தாள். தோளில் அதே இரண்டு பைகள்.

"தொந்தரவு பண்ண வரல அண்ணி" என்று வாசலிலேயே சொன்னாள். "இந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு உறை குடுக்கப் போறேன். அண்ணன் ஃபோன்ல சொன்னாரு, என்னப் போட்டோ எடுத்திருக்கீங்களாமே. பாத்துட்டுப் போலாம்னு."

ஆலோசகர் ஃபோனைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரிண்ட் வந்திருந்தது. சுருளை மேஜைமேல் விரித்து, சுருண்டுகொள்ளாமல் நாலு மூலைக்கும் புத்தகம் வைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வீட்டுக்காரரைத் தவிர முதல் தடவையாக ஒருவரிடம் காட்டுகிறேன்.

அவள் பார்த்தாள். வாத்து காமாலை, முயல் சோகை என்று வாய் ஓயாத பெண், தோளிலிருந்த பைகளை மெல்லக் கீழே இறக்கி வைத்தாள்.

"இது நானா அண்ணி?"

"நீதான்."

"நான் இப்படியா நடக்கறேன்?"

இங்கேதான் என் வாய் என்னை மாட்டிவிட்டது. எங்களுக்கு உடம்பைப் பார்த்தால் ஆள் தெரியாது, எலும்புதான் தெரியும். "ஆமா. வலது தோள் எறங்கியிருக்கு பாரு. கனமான பைய அந்தப் பக்கமே மாட்டறதால. கழுத்து முன்னால வந்துடுச்சு, அதனால மேல் முதுகு வளைஞ்சிருக்கு" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

"கெழவி மாதிரி இருக்கேன். இத அழிச்சுடுங்க அண்ணி."

"என்னது?"

"அழிச்சுடுங்க. இதையும் கிழிச்சுடலாம். யாரும் பாக்க வேணாம்."

"அதெல்லாம் முடியாது."

"என் போட்டோதான?"

"நெழல்தான் உன்னோடது. போட்டோ என்னோடது. நான் எத்தன வாரம் இதுக்காக..." இந்த வீட்டில் எனக்கென்று ஒன்று வந்ததும் அதையும் வந்து கேட்கிறார்களே என்று இருந்தது.

என் வீட்டுக்காரர் சமாதானம் செய்ய வந்தார். "அவ அவ்ளோ சொல்றாள்ல, அழிச்சுட்டு வேற ஒண்ணு எடேன். கேமராவும் இருக்கு, படிக்கட்டும் இருக்கு."

"வெளிச்சம்? வெளிச்சத்த நீங்க கொண்டு வர்றீங்களா? போய் அந்தக் கட்டடத்த இடிச்சுட்டு வாங்க, நான் எடுக்கறேன்!"

அவர் ஃபோனோடு உள்ளறைக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம். அவள் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அன்னிக்கு நான் ரொம்ப சந்தோஷமா வந்தேன் அண்ணி. மொத நாள்தான் ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிட்டாங்க. அவங்க ஹாஸ்டல்ல இருக்கற எல்லாப் புள்ளைங்களுக்கும் நான்தான் உறை தெக்கணுமாம். எங்க வீட்ல சொன்னேன், அப்படியான்னு கேட்டுட்டு டிவி பாத்தாரு. உங்ககிட்டதான் சொல்லணும்னு ஓடி வந்தேன். நீங்கதான் ஒவ்வொரு வாத்தையும் பாத்தவங்க." படத்தைப் பார்த்தாள். "அந்த சந்தோஷம் இதுல எங்க அண்ணி இருக்கு? இதுல யாரோ மூட்ட தூக்கறவ மாதிரி ஏறிட்டு இருக்கேன்."

எத்தனையோ பேர் என் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கே வலிக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். யார் என்ன சந்தோஷத்தோடு வந்து நின்றார்கள் என்று ஒரு சீட்டிலும் எழுதியிருந்ததில்லை, நானும் கேட்டதில்லை. அன்று படிக்கட்டில் அவள் சொல்ல வாயெடுத்ததும் இதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்காகப் படத்தை அழித்துவிடலாம் என்று மட்டும் தோன்றவில்லை. எவ்வளவு யோசித்தும் தோன்றவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"அழிக்க மாட்டேன்" என்றேன். "ஆனா செவுத்துல மாட்டலை. நீ சரின்னு சொல்ற வரைக்கும் யாருக்கும் காட்டலை. அவ்ளோதான் என்னால முடியும்."

அவள் தலையை ஆட்டினாள். அது சரி என்பதா, உங்களோடு பேசிப் பயனில்லை என்பதா என்று தெரியவில்லை. நான் புத்தகங்களை எடுத்துவிட்டுப் படத்தைச் சுருட்டினேன். அவள் பைகளை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். ஒரு காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றவள் திரும்பினாள்.

"அண்ணி, இன்னொரு தடவ காட்டுங்க."

"எதுக்கு? மறுபடி அழறதுக்கா?"

"காட்டுங்களேன்."

மறுபடியும் விரித்தேன். மூலைக்கு வைக்கப் புத்தகம் தேடவில்லை, இரண்டு பக்கமும் என் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தோளைப் பார்க்கவில்லை, முதுகைப் பார்க்கவில்லை. விரலை மெல்ல நகர்த்திக்கொண்டு போய், இடது பக்கம் தொங்கிய பையின் நிழல்மேல் வைத்தாள்.

"இந்தப் பைலதான் அண்ணி இருந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குக் காட்டறதுக்காக ராத்திரியே தெச்ச உறை. உங்ககிட்ட காட்டத்தான் மேலயே வெச்சிருந்தேன்."

நானும் குனிந்து பார்த்தேன். ஒரே கறுப்பாக இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன்.

"எங்க, காட்டு" என்றேன்.